பூஜ்ய வாசகர்

எனக்கு அந்த வேலை கிடைத்தது, எனக்கு எதுவும் ஏறவில்லை என்பதால்தான்.

நேர்முகத் தேர்வில் கையில் துடிப்பை அளக்கும் ஒரு பட்டையைக் கட்டினார்கள். படிக்கச் சில கதைத் துண்டுகளைக் கொடுத்தார்கள். ஒரு குழந்தை கிணற்றில் விழுகிறது. ஒரு பெண்ணை லாரிக்குள் இழுத்துப் போகிறார்கள். ஒரு கிழவர் தன் நாய்க்கு விஷம் வைக்கிறார். படித்து முடித்ததும் அருள்ஜோதி என்ற பொறியாளன் திரையைப் பார்த்தான். பட்டையைக் கழற்றி வேறொன்றைக் கட்டி, மறுபடி படிக்கச் சொன்னான்.

"ரெண்டுலயும் கோடு அப்படியே படுத்திருக்குங்ணா. தூங்கிட்டீங்களா?"

"இல்ல. கிணத்துல விழுந்த பையன் பேரு முகில்."

"அப்ப படிச்சிருக்கீங்க." கொஞ்சம் யோசித்தான். "மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

"இல்ல. மனைவி இறந்துட்டாங்க. நாலு மாசம் ஆச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு உள்ளே போனான். "அக்கா, பூஜ்யம் கெடைச்சிருச்சு" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

கோவை சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேலே, மூன்றாவது மாடியில், 'நந்தவனம்' தளத்தின் அலுவலகம். தமிழில் தொடர்கதைகள் வரும் தளம். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், படிக்கிறவர்களும் பெண்கள். அத்தியாயத்தை எபி என்பார்கள். எழுதுகிறவர் ரைட்டர் ஜி. ஒவ்வொரு கதைக்கும் ஒரு திரி உண்டு. வாசகர்கள் அங்கே கூடி அழுவார்கள், சண்டை போடுவார்கள், கதாநாயகிக்குப் புடவை நிறம் சொல்வார்கள்.

என் மனைவி சுகிர்தா இந்தத் தளத்தின் வாசகி. ஒரு கருத்துகூடப் போட்டதில்லை. படித்துவிட்டுப் போகிற சைலன்ட் ரீடர். அவளுடைய கைபேசியை நான் அணைக்கவில்லை. 'புது எபி வந்தாச்சு' என்று அது தினமும் ஒலிக்கும். ஆள் தேவை என்ற அறிவிப்பும் அதில்தான் வந்தது. நான் எம்.எஸ்சி. புள்ளியியல். முந்தைய வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். இதற்குப் போனேன்.

என்ன வேலை என்பதை முதல் நாள் அருள்ஜோதி டீ குடித்தபடி விளக்கினான்.

"கதையில வன்முறை இருக்கலாமா கூடாதான்னு முன்னாடியெல்லாம் அட்மினுங்க முடிவு பண்ணுவாங்க. சண்டை ஓயாது. ஒரு பக்கம் தடை பண்ணுன்னுவாங்க, இன்னொரு பக்கம் எழுத விடுன்னுவாங்க. அப்புறந்தான் இந்தச் சட்டம் வந்துச்சு. மனுசன் முடிவு பண்ண வேண்டாம், ஒடம்பு முடிவு பண்ணட்டும்னு."

"எப்படி?"

"புகார் வந்த எபிய ஏழு பேரு பட்டை கட்டிட்டுப் படிப்பாங்க. துடிப்பு, வேர்வை, மூச்சு எல்லாம் சேர்த்து ஒரு அளவு வரும். ஏழு பேரோட சராசரியில இருந்து உங்க அளவைக் கழிப்போம். நாப்பதுக்கு மேல போனா எபி பூட்டு."

"என்னோடது எதுக்கு?"

"வெயில் அடிச்சாலும் ஒடம்பு ஏறும், ஏசி கெட்டாலும் ஏறும். கதையால ஏறுனது எவ்வளவுன்னு தெரியணும்ல? அதுக்குக் கதை ஏறாத ஒரு ஆளு வேணும். மாநிலத்துல மொத்தமே கொஞ்சப் பேருதான் இருக்காங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவரு நல்ல பூஜ்யம். பேத்தி பொறந்துச்சு, போச்சு."

தளத்தை நடத்துபவர் கோகிலவாணி. பட்டை கட்டிப் படிக்கிற ஏழு பேரில் அவரும் ஒருவர். ஐம்பத்தைந்து வயது. ஒருகாலத்தில் அவரே நட்சத்திர எழுத்தாளர். பதினோரு நாவல்கள். எல்லாவற்றிலும் முரட்டு நாயகன். பெண்ணைத் தூக்கிப் போவான், கட்டாயத் தாலி கட்டுவான், முதல் இரவில் அவள் சம்மதத்தைக் கேட்க மாட்டான். கடைசியில் திருந்துவான். இப்படிப்பட்டவனை இவர்கள் ஆன்டி ஹீரோ என்பார்கள். கோகிலவாணியின் நாயகர்கள் எல்லாரும் அவருடைய கணவரின் சாயல் என்பது வாசகிகளின் நம்பிக்கை. அந்தக் கணவரை மாமா என்று கூப்பிடுவார்கள். 'மாமா ரசிகைகள்' என்று ஒரு குழுவே உண்டு. மாமாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, கோகிலவாணி தினமும் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய் மாத்திரை கொடுத்துவிட்டு வருவார். அதற்கும் திரியில் இதயக்குறிகள் விழும்.

சுகிர்தா அந்தப் பதினொன்றையும் படித்திருந்தாள். ஒரு முறை கேட்டேன், இவ்வளவு மோசமானவனை எப்படிப் பொறுத்துப் படிக்கிறாய் என்று. "திருந்திருவான் பாருங்க" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "கோகிலவாணி கதையில திருந்தாமப் போனவனே இல்ல."

கருவிளை என்ற பெயரில் ஒருத்தி எழுதிய தொடர் அந்த ஆண்டு சூடு பிடித்தது. நாயகி தாமரை, ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். ஏழாவது எபியில் அவளுடைய முறைப்பையன் சரபேஷ், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வருகிறான். என்ன நடந்தது என்பதைக் கருவிளை அரைப் பக்கத்தில், அலங்காரம் இல்லாமல் எழுதியிருந்தாள். புகார் வந்தது. ஏழு பேரும் படித்தார்கள். பன்னிரண்டு. பூட்டவில்லை.

திரியில் சில சொற்களை எழுதினால் நட்சத்திரக் குறியாக மாறிவிடும். அதனால் எல்லாரும் 'அது' என்றே எழுதுவார்கள்.

"அது நடந்துச்சா இல்லையா ஜி? கிளியரா சொல்லுங்க."

"நடந்தா என்ன, முறைப்பையன்தானே. சேர்த்து வைங்க."

"சரபேஷுக்கு ஒரு ஃபிளாஷ்பேக் இருக்கும், பொறுங்க. சின்ன வயசுல அம்மா இல்லாத பையன்."

"என் வீட்டுக்காரருக்கும்தான் அம்மா இல்ல. அவர் எலியைப் பாத்தா கட்டில் மேல ஏறிடுவார். வேற ஒண்ணும் பண்றதில்ல."

"ஹீரோவை ஓவரா கெட்டவனாக் காட்டாதீங்க ரைட்டர் ஜி. அப்புறம் நாங்க எப்படி லவ் பண்றது?"

பதினெட்டாவது எபியில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, தாமரைக்கும் சரபேஷுக்கும் நிச்சயம் செய்யத் தேதி குறித்தார்கள். திரி கொண்டாடியது. புடவை நிறத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. மயில் கழுத்து நிறம் வென்றது.

பத்தொன்பதாவது எபி எங்களிடம் வந்தது. நிச்சயதார்த்தக் காலை. தட்டு, பழம், பூ. தாமரை எழுந்து நின்று, அவன் செய்ததை எல்லார் முன்னாலும் சொல்கிறாள். 'அது' என்று சொல்லவில்லை. பெயரைச் சொல்லிச் சொல்கிறாள். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அவள் அம்மா மெதுவாக, "அதான் கட்டிக்கிறேங்கறானே" என்கிறாள். தாமரை மாட்டேன் என்கிறாள். மீதி எபி முழுக்க மாப்பிள்ளை வீட்டார் புடவையைத் திரும்ப மடித்துப் பெட்டியில் வைக்கிறார்கள். அவ்வளவுதான்.

படித்தேன். எனக்கு ஏறவில்லை. ஏழு பேரின் சராசரி நாற்பத்தாறு. பூட்டு.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் மாடியேறி வந்தாள். முப்பத்துச் சொச்சம் வயது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

"நான்தாங்க கருவிளை. பேரு ஜெசிந்தா. பல்லடத்துல இருந்து வர்றேன். அரை நாள் லீவுங்க."

கோகிலவாணி அவளை உட்கார வைத்து மோர் கொடுத்தார். மேல்முறையீட்டு விதியை அருள்ஜோதி சொன்னான். ஒரு வாரத்துக்குள் எல்லாரும் ஒருமுறை மறுபடி படிப்பார்கள். அதே அளவு வந்தால் தொடர் அதோடு நின்றுவிடும். அதற்கு மேல் எழுத முடியாது.

"அதோட நின்னா, பதினெட்டு வரைக்கும் அப்படியே இருக்குமுங்களா?"

"இருக்கும்."

"அப்ப என் கதை நிச்சயத்தோட முடியும்." அவள் மோரைத் தொடவில்லை. "தாமரைக்கு அவன்கூடக் கல்யாணம் ஆயிரும். படிக்கிற எல்லாருக்கும் அதுதான் முடிவு. நான் அவளை அங்க விட்டுட்டுப் போயிருவேன்."

அருள்ஜோதியின் பக்கம் திரும்பினாள்.

"ஏழாவது எபி பூட்டலீங்களே. அதுலதானே நடக்குது. இதுல ஒண்ணுமே நடக்கலீங்க. வாயைத் திறந்து சொல்றா, அவ்வளவுதான்."

அருள்ஜோதி என்னைப் பார்த்தான். கோடுகளைச் சரிபார்ப்பதும் என் வேலைதான். பெயர்கள் இருக்காது, எண்கள் மட்டும் இருக்கும். ஏழாவது எபியின் கோடுகளை அவளுக்குத் திரையில் காட்டினேன். ஏழு கோடுகளும் லேசாக எழும்பி, இதமாக இறங்கியிருந்தன.

"இது மாதிரிக் கோடு வேற எதுல வரும்?" என்று கேட்டாள்.

"காதல் காட்சியில."

"நான் அப்படியாங்க எழுதினேன்?"

"நீங்க எழுதினது சரிதான். படிச்சவங்க பழக்கம். இந்தத் தளத்துல இருபது வருஷமாப் படிக்கிறவங்கதான் அந்த ஏழு பேரும். ஒருத்தன் கதவைச் சாத்தினா, ஹீரோ வந்துட்டான்னு அவங்க உடம்பு நினைச்சுக்குது."

கோகிலவாணி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். மணி ஒன்றாகியிருந்தது. மாத்திரை கொடுக்கப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஜெசிந்தா போன பிறகு பத்தொன்பதாவது எபியின் கோடுகளை எடுத்துப் பார்த்தேன். ஆறு பேர் நாற்பதுக்குக் கீழேதான் இருந்தார்கள். நான்காம் எண் ஒருவர் மட்டும் மற்றவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல். அந்த ஒருவர் இல்லாவிட்டால் சராசரி முப்பத்து நான்கு.

நான்காம் எண்ணின் மூச்சுக் கோடு மற்றவர்களுடையதைப் போல இல்லை. வெட்டி வெட்டிப் போயிருந்தது. சத்தமாகப் படிக்கிறவர்களின் மூச்சு அப்படித்தான் இருக்கும். 'வாயில் தடுக்குகிற வரி வாசகிக்குப் போகக்கூடாது' என்று சொல்லி எதையும் உதடு அசையப் படிக்கிறவர் அந்த அலுவலகத்தில் ஒருவர்தான். "அதான் கட்டிக்கிறேங்கறானே" என்ற வரியில் அந்தக் கோடு நின்றிருந்தது. அத்தனை நேரம் யாரும் மூச்சு விடாமல் இருக்கமாட்டார்கள்.

குழுவில் இருக்கிறவர் விலகலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் கள்ளம் நடக்கக்கூடாது என்பதற்காக, கதைக்கும் தனக்கும் உள்ள தொடர்பைச் சொந்தப் பெயரில் ஒரே வாக்கியமாகத் திரியில் எழுதவேண்டும். எல்லாரும் பார்ப்பார்கள். இதை ஒருவரிடம் போய்ச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன்.

இன்னொரு வழி இருந்தது. கழிப்பது என் அளவை. எனக்கு ஏழு ஏறினால் போதும். முப்பத்தொன்பது வரும். பூட்டு திறக்கும்.

மறுவாசிப்பு நாளில் முயன்று பார்த்தேன். எபியைத் திறக்கும் முன் அறையில் உட்கார்ந்து, பட்டையைக் கட்டிக்கொண்டு, சுகிர்தாவை நினைத்தேன். காலை எட்டரை மணி பஸ் நிறுத்தம். அவள் நின்றுகொண்டிருந்தாள், பிறகு உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. மருத்துவமனையில் அவள் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். ஒரு செருப்பில் வார் புதிதாகத் தைத்திருந்தது. நான்தான் தைத்துக்கொண்டு வந்தேன். எல்லாவற்றையும் வரிசையாக நினைத்தேன். கோடு படுத்தே இருந்தது.

வெளியே வந்து படிக்கட்டில் இறங்கி ஓடினேன். பேக்கரி வரை போய்த் திரும்ப மேலே ஓடினேன். மறுபடி. மூன்றாவது முறை ஏறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் கோகிலவாணி ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தார்.

"படியில என்ன பண்றீங்க தம்பி?"

"நடக்கறேங்க்கா."

"நடந்தா இப்படி எரைக்காது." என் மணிக்கட்டைப் பார்த்தார். "மாடி ஏறி எறங்குனா துக்கம் வந்துருமா?"

"எனக்கு ஏழு வேணுங்க."

அவர் படியிலேயே உட்கார்ந்தார். மூடியில் காப்பி ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.

"ஏழு வந்துச்சுன்னா உங்க வேலை போயிரும்."

"போகட்டும்."

"உங்க அளவு மாறுனா மத்த எல்லாக் கதையையும் திரும்பக் கழிப்பாங்க. பூட்டுனதெல்லாம் ஏழு ஏழு கொறைஞ்சு வெளிய வரும். அந்த லாரிக் கதை எழுதறவன் நாப்பத்தி நாலுல உக்காந்துட்டு இருக்கான். ருசிச்சு ருசிச்சு எழுதறவன். அவனையும் தொறந்து விடப்போறீங்களா?"

அதை நான் யோசிக்கவில்லை. புள்ளியியல் படித்தவன்.

"நாலாம் நம்பர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"எப்படி?"

"சத்தமாப் படிக்கிறது ஒருத்தர்தான்."

அவர் லேசாகச் சிரித்தார். "அந்த எடத்துல சத்தம் வரலீங்க தம்பி."

"கோட்டுலயும் நின்னிருக்கு."

"எங்கம்மா அதே வார்த்தைதான் சொன்னாங்க. அட்சரம் மாறல. எழுதுன அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியல." ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "நான் தாமரை மாதிரி எந்திரிச்சு நிக்கல. கட்டிக்கிட்டேன். அப்புறம் எழுத ஆரம்பிச்சேன். பதினோரு நாவல்ல அவரைத் திருத்திப் பாத்தேன்."

கீழே பேக்கரியில் யாரோ பப்ஸ் கேட்டார்கள்.

"இப்ப?" என்று கேட்டேன்.

"இப்ப வீட்ல இருக்காரு. பேச்சு வர்றதில்ல. மாத்திரை குடுத்துட்டுத்தான் வந்தேன்."

எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மேலே போனார். நான் பின்னால் போனேன். தன் மேசையில் உட்கார்ந்து, உதடு அசைய, தட்டினார்.

'நான் கோகிலவாணி, இந்தக் கதை எனக்கும் நடந்தது என்பதால் இதை அளக்கும் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்.'

ஆறு பேர் படித்தார்கள். நானும் படித்தேன், மூச்சு அடங்கிய பிறகு. என் கோடு படுத்திருந்தது. முப்பத்து மூன்று. எபி திறந்தது.

 திரியில் ஒருத்தி, "அக்கா, அப்போ மாமா..." என்று எழுதி நிறுத்தினாள்.  'மாமா ரசிகைகள்' குழுவின் முகப்புப் படம் காணாமல் போனது. குழுவும் போனது. "அக்கா சாப்பிட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். அவ்வளவுதான். அதையே இன்னொருத்தி கேட்டாள். பிறகு திரி முழுக்க அதுதான். பெயரே பார்த்திராத சைலன்ட் ரீடர்கள் எல்லாம் வந்து அதைக் கேட்டார்கள். சாப்பிட்டீங்களா அக்கா. சாப்பிடுங்க அக்கா.

நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"உங்க நாவலைப் படிச்சுட்டுத்தான் நான் அவனைக் கட்டிக்கிட்டேன். திருந்துவான்னு."

அருள்ஜோதி அதை அவரிடம் காட்டினான். "தூக்கிரட்டுங்களாக்கா?"

"வேண்டாம் கண்ணு. அது இருக்கட்டும்."

மறுநாள் ஒரு மணிக்கு அவர் வீட்டுக்குக் கிளம்பினார். போகும்போது நின்று, "மாத்திரை நேரம் மாறக்கூடாது" என்று பொதுவாகச் சொன்னார். 

அடுத்த வாரம் இருபதாவது எபி வந்தது. புகார் இல்லை. அளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு கோகிலவாணி கைக்கணினியை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"தனியாப் படிக்க முடியல தம்பி. வீட்லயும் முடியாது. பக்கத்துல ஆடாம ஒருத்தர் உக்காந்திருந்தாப் போதும். உங்களைவிட ஆடாத ஆளு எங்க கெடைக்கும்."

"உக்காருங்க்கா."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். என் மணிக்கட்டில் பட்டை இருந்தது. காலையில் கட்டினால் இரவு தூங்கும்வரை கழற்றுவதில்லை. அதைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"ஏன்?"

"இது வேலை இல்லீங்களே."

அவர் தலையாட்டினார். உதடு அசையத் தொடங்கியது. பிறகு சத்தம் வந்தது.

முதல் வரியில் தாமரை காலை எட்டரை மணிக்கு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வரியில் பஸ் வந்தது. அவள் ஏறினாள்.

அந்த வரியில் என் கோடு எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும்.